மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்

இந்த விமானம் ஒரு பயணியையும் ஏற்றியதில்லை.
ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.
முன்பக்கம் பன்னிரண்டு இருக்கைகள், ஒரு திரை.
திரைக்குப் பின்னால்
ஆட்களின் எடைக்கு ஆட்களாகத்
தண்ணீர்ப் பீப்பாய்கள்.
குழாயைத் திருகி
நாற்பது பேரை வாலுக்கு அனுப்பி
திரும்ப மூக்குக்கு அழைப்பார்களாம்,
ஆறாயிரம் அடி உயரத்தில்.

பன்னிரண்டு இருக்கைகளும் வாங்க வந்தவர்களின் கண்ணுக்கு.
நல்ல கோட்டு போட்டவர்கள்
தரையில் நிற்கும் விமானத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்,
காபி குடித்தார்கள்,
அடுத்த மாதம்
வேறு நாட்டு விமானத்தை வாங்கினார்கள்.
செய்தது ஒன்றே ஒன்று. அது இது.

என் பெயர் ஹெய்ல்த்யே.
முப்பத்தெட்டு ஆண்டு டெவென்டரில் பல்செட் செய்தேன்.
முகம் தெரியாதவர்களின் வாய் எனக்குத் தெரியும்.
பொய் நன்றாக இருக்க
எவ்வளவு உண்மை வேண்டும் என்பதும்.

கடலை வற்றவைத்து எடுத்த நிலத்தில்
இருக்கிறது எங்கள் ஹேங்கர்.
பிப்ரவரிக் காற்று தகரத்தை உலுக்கும்போது
இறக்கை லேசாக அசையும்.
யாரும் பேசமாட்டோம் அப்போது.

இருக்கைத் துணி எலிக்குப் போய்விட்டது.
ஒரு தையலின் மடிப்புக்குள்
வெயில் படாத விரலகலம் மிச்சம்:
கடுகு மஞ்சள், சாம்பல் கீற்று.
அதை வைத்து டில்பர்க்கில் இருபத்திரண்டு மீட்டர் நெய்தார்கள்.
முதல் தறிவு பச்சையடித்தது, திருப்பி அனுப்பினோம்.
பட்டாணி சூப் விற்ற காசு எல்லாம் அதிலேயே போயிற்று.

அழைப்புப் பித்தான்கள் பன்னிரண்டுக்கும்
பின்னால் கம்பி இல்லை, மரக்கட்டைதான்.
டூவே டிராம் கம்பெனியில் மின்வேலை பார்த்தவன்.
"அரைமணி போதும், விளக்கு எரியவைத்துவிடுகிறேன்."
பட்டியல் வைத்திருக்கும் மார்லூஸ் நிமிராமல் சொன்னாள்:
"அது ஒருநாளும் எரிந்ததில்லை.
எரிந்தால் பொய்."
சிரித்தோம்.
டூவே மட்டும் சிரிக்கவில்லை, திருப்புளியைப் பைக்குள் போட்டான்.

மூன்றாம் வரிசையில் ஜன்னலே கிடையாது.
சட்டத்துக்குள் பலகை, பலகையில் தீட்டிய வானம்.
தீட்டியவன் மேகத்தில் அவசரப்பட்டிருக்கிறான்.
நீலத்தில் ஒட்டிய தூரிகை மயிர் ஒன்று
பட்டியலில் நாற்பத்தொன்றாம் எண்:
எடுக்கக் கூடாது.

அந்த இருக்கையின் கைப்பிடியைக் கழற்றியபோதுதான்
அடியில் விரல் தட்டியது.
சூயிங்கம்.
கல்லாகி, சாம்பலாகி.
ஒரு ஓரத்தைக் கட்டைவிரல் அழுத்தியிருக்கிறது.
மறு ஓரத்தில் பல் தடம்.

விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னேன்.

மேல்வரிசை முன்பல் ஒன்று முழுசு.
பக்கத்தது பாதிதான் முளைத்திருக்கிறது,
அதன் ரம்பவிளிம்பு இன்னும் தேயவில்லை.
ஏழு வயது. எட்டு இருக்காது.

யார் கூட்டி வந்தது? ஏட்டில் இல்லை.
வெல்டரின் பிள்ளையோ, காவல்காரன் வீட்டதோ,
ஞாயிற்றுக்கிழமை திருட்டுத்தனமாய்
ஐந்து நிமிஷம் உட்கார்ந்ததோ.
ஆனால் அந்தக் காலத்தில்
விமானம் ஏறும்போது காது அடைக்காமலிருக்கத்தான்
பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்பார்கள்.
காது அடைத்ததா, உனக்கு?
தீட்டிய அந்த மேகம்
கொஞ்சமாவது நகர்ந்ததா?

டூவே கேட்டான், எண்ணெய் விட்டு எடுத்துவிடலாமா என்று.
மார்லூஸ் பட்டியலைப் புரட்டினாள், புரட்டினாள்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
கடைசி வரியில் எழுதினாள்:
கைப்பிடி. உள்ளபடி.

புதுத்துணியை அதைச் சுற்றி வளைத்து இழுத்துத் தைத்தேன்.
மூன்று ஊசி உடைந்தது.
முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன், முழங்கால் இடிக்க.
தலைக்கு மேல் பித்தானை அழுத்தினேன்.
டக்.
விளக்கு எரியவில்லை, எரியக் கூடாது.

திரைக்கு அப்பால், காலிப் பீப்பாய்களுக்கு நடுவிலிருந்து
டூவேயின் குரல்: "என்ன வேண்டும் அம்மணி?"

காபி, என்றேன்.

தீர்ந்துவிட்டதாம்.